கெமராப் பெட்டியை எங்கே ஒளிப்பது

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து அழகில்லை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. அதற்குப் பிறகு இந்தக் கை எழுதியதெல்லாம் ஆணி, கம்பி, சீமெந்து என்று கடைச் சிட்டைகள்தான். எந்த இடத்தில் எந்த ‘ன’ வரும் என்பது எனக்கு ஒரே பெட்டியில் கொட்டிய ஆணிகள் மாதிரி. கையில் வருவதை எடுத்து அடித்துவிடுவேன். அச்சில் போடுகிறவர்கள் திருத்திக்கொள்வதாகச் சொன்னார்கள். பிழைகளைத் திருத்துங்கள். கோபத்தைத் திருத்த வேண்டாம்.

நான் பேசுகிற ஆளும் இல்லை. பள்ளிவாசலில் கூட்டம் நடந்தால் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். இங்கிலாந்துக்கு வந்து இருபத்தெட்டு வருடமாகிறது. மாவு பிசைந்து பாண் சுடும் தொழிற்சாலையில் காலை வேலை. ஒரே மேசையில் எனக்கு எதிரே பதினொரு வருடம் நின்ற போலந்துக்காரருக்கு என் ஊர்ப் பெயர் தெரியாது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவன் பேனா எடுத்ததற்குக் காரணம் என் தங்கச்சியின் புது வீடு.

தங்கச்சியின் பெயர் பரீதா. அவள் கணவர் நியாஸ் மச்சான், தெல்தெனியவில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர்களுடைய வீடு தெல்தெனியப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். போன வருடம் மார்ச் மாதம், கண்டியைச் சுற்றி முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது அதுவும் எரிந்தது. கூட்டம் வருகிறதென்று கேட்டதும் அவர்கள் பிள்ளைகளோடு கட்டுகஸ்தோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதால் உயிர்கள் தப்பின. “அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று எல்லோரும் சொன்னார்கள். இங்கே தொழிற்சாலை மனேஜரும் அதையேதான் சொன்னார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிரை விட்டுவைத்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

ஒரு வருடம் கழித்து அதே இடத்தில் புது வீடு எழும்பிவிட்டது. பூச்சு வேலை முடிந்துவிட்டது, வர்ணம் மட்டும் மிச்சம். அதற்கு முன் கெமராக்களுக்கு வயர் இழுக்க வேண்டும். அதனால் போன சனிக்கிழமை எந்த மூலையில் எதை வைப்பது என்று தீர்மானிக்க உட்கார்ந்தோம்.

2

பழைய வீட்டிலும் கெமரா இருந்தது. நான்கு இருந்தன.

நான்கும் பிடிக்கிற படங்கள் வந்து சேருவது ஒரு கறுப்புப் பெட்டிக்குள். வீடியோ டெக் அளவில் இருக்கும், முன்னால் ஒரு பச்சை வெளிச்சம் எரியும். நியாஸ் மச்சான் அதை எங்கே வைத்தார் தெரியுமா? முன் அறையில், டீவிக்குப் பக்கத்தில், கண்ணாடி அலுமாரிக்குள். அப்போதே நான் தொலைபேசியில் கேட்டேன்.

“அதென்ன மச்சான், கள்ளனுக்குக் காட்டவா வெச்சீக்கிறீங்க?”

“வாற போற ஆக்கள் காணோணும் மச்சான். கண்டாத்தானே பயம் வரும்.”

பரீதா அதற்கு வெள்ளை நூலில் ஓர் உறை பின்னிப் போட்டாள், பச்சை வெளிச்சத்துக்கு மட்டும் ஒரு வட்டத் துளை விட்டு. எங்கள் ஆட்களின் குணம் அது. வீட்டுக்கு எது பெறுமதியாக வந்தாலும் முன் அறைக் கண்ணாடிக்குள் போய்விடும். ஜப்பான் கோப்பை, ஸம்ஸம் போத்தல், மகன் ஓட்டப்போட்டியில் வென்ற கிண்ணம், அந்த வரிசையில் இந்தப் பெட்டி. பெருநாளுக்கு வட்டிலப்பம் சாப்பிட வந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மச்சான் ஒவ்வொருவருக்கும் டீவியில் போட்டுக் காட்டினார். “இந்தா, நீங்க முன் கேட்டால உள்ள வாறது!” அவர்களும் தங்கள் நடையைத் தாங்களே பார்த்துச் சிரித்தார்கள்.

எரிந்த வீட்டுக்குத் திரும்பிப் போனபோது டீவியின் எலும்புக்கூடு இருந்தது. கோப்பைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பெட்டி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. எரிந்த துண்டுகூட இல்லை. பெட்டியை முதலில் எடுத்துக்கொண்டு போய்விட்டுத்தான் நெருப்பு வைத்திருக்கிறார்கள்.

அது எங்கே இருக்கிறதென்று தேடாமல் நேரே போய் எடுத்தவன் யார்? அந்த அறையில் உட்கார்ந்து எங்கள் தேத்தண்ணியைக் குடித்தவன்.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனபோது, “வீட்டில் கெமரா இருந்ததா? அப்படியானால் பெட்டியைக் கொண்டு வாருங்கள்” என்றார்களாம். பெட்டியை எடுத்தவனைப் பிடிக்கப் பெட்டி வேண்டுமாம். மச்சான் மூன்று தடவை விளக்கினார். மூன்றாவது தடவை அந்த உத்தியோகத்தர், “பெட்டி முன்வைக்கப்படவில்லை” என்று எழுதிக்கொண்டார். அதன் பிறகு வருடம் முழுவதும் கடிதங்கள். கடைசிக் கடிதம் சிங்களத்தில் நான்கே வரி. இந்த மார்ச் முடிவதற்குள் கண்ட சாட்சியோ வேறு ஆதாரமோ வராவிட்டால் எங்கள் வழக்கின் கோவை மூடப்படும்.

வீட்டை எரித்தார்கள். இனி எரித்த கதையையும் எரிக்கப் போகிறார்கள். அதற்கு நெருப்புக்கூடத் தேவையில்லை, ஒரு முத்திரை போதும்.

3

சனிக்கிழமை இங்கே காலை, அங்கே பிற்பகல். என் மகள் நுஸ்ரா குசினி மேசையில் கணினியைத் திறந்தாள். அவள் இந்தக் கணினி, கெமரா வேலைதான் படிக்கிறாள். என்னை ‘டாடி’ என்பாள். அவள் பேச்சில் முக்கால்வாசி இங்கிலீசு, எனக்காகக் கொஞ்சம் தமிழைத் தூவுவாள். பரீதாவின் வீட்டுக்கு அவள் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறாள். அது எரிந்தபோது ஒரு நாள் அழுதாள், பிறகு பரீட்சை வந்துவிட்டது. நான் குறை சொல்லவில்லை. எரிந்த மணம் கடல் தாண்டி வராது.

திரையில் நியாஸ் மச்சான் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு புது வீட்டைச் சுற்றி நடந்தார். பரீதா பின்னாலேயே வந்தாள். அவளுடைய குரல்தான் வந்தது, முகம் வரவில்லை.

“முதல்ல ஒண்டு செல்லுங்க மாமா. யார் வரப்போறாங்க?” என்று நுஸ்ரா கேட்டாள். “கள்ளனுக்கு ஒரு மாதிரி வைக்கணும், மற்ற ஆக்களுக்கு வேற மாதிரி.”

பின்னாலிருந்து பரீதா சொன்னாள்: “கள்ளன் வந்தா ஒரு பிளேன்டி ஊத்திக் குடுப்பேன் மகள். மத்த ஆக்களுக்கு வைங்க.”

கெமரா விற்கிறவர் கூரையோரத்தில் பன்னிரண்டு அடி உயரத்தில் வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“அவ்வளவு உயரத்தில வெச்சா மண்டைதான் தெரியும்” என்றாள் நுஸ்ரா. “ஆருக்கு மொட்டை, ஆருக்கு முடியெண்டு பாக்கவா? முகம் வேணுமெண்டா ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல.”

“அந்த உயரத்துல வெச்சா பொல்லால ஒரு அடி மகள். கத முடிஞ்சி.”

“அப்ப ரெண்டும் வைங்க. ஒண்டு மேல, எல்லாருக்கும் தெரியிற மாதிரி. அவங்க அதை உடைக்கட்டும். உடைக்கிறவன்ட முகத்தைப் பிடிக்க கேட்டுத் தூணுக்குள்ள, தபால் பெட்டிக்குப் பின்னால ஒண்டு.”

என் மகள் இதை ஆப்பிள் தின்றுகொண்டே சொன்னாள். கெட்டிக்காரிதான்.

முன்பக்கம் கிழக்கைப் பார்த்திருப்பதால் காலை வெயிலில் படம் வெள்ளையாகிவிடும், மேலே ஒரு தகரத் தொப்பி வேண்டும். நீர்த்தேக்கப் பக்கத்திலிருந்து பனிமூட்டம் வருகிற மாதங்களில் கண்ணாடி வியர்க்கும். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், இரண்டுக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும் என்று நுஸ்ரா சொன்னாள்.

“அப்ப நான் ஏணில ஏறி கெமராக்கு மொகம் கழுவோணுமா?” என்று பரீதா கேட்டாள். “புள்ளைகள் ஸ்கூல் போற நேரம் அதுகள்ட மொகம் கழுவவே எனக்கு நேரமில்ல.”

“மாமி, அதைவிட முக்கியம் ஒண்டு ஈக்கு. மாசத்துக்கு ஒருக்கா பழைய படத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்க. பச்சை லைட் எரிஞ்சா எல்லாம் சரியெண்டு நினைக்க வேணாம். லைட் எரியும், உள்ள ஒண்டும் பதியாது.”

அந்தப் பேச்சை நான் ஒரு தாளில் எழுதி வைத்தேன். ஏன் எழுதினேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

பிறகு பெட்டி. இந்த முறை பெட்டியை எங்கே ஒளிப்பது? கூரைக்குள் என்றார் மச்சான். நெருப்பு முதலில் மேலேதான் போகும். அரிசிப் பீப்பாவுக்குள் என்றாள் பரீதா. பெட்டிக்கு மூச்சு முட்டும். மாடிப்படிக்குக் கீழே ஒரு பொய்ச் சுவர் கட்டலாம் என்று நான் சொன்னேன். சுவரை எழுப்புகிற மேசன் யார்? அவன் நாளைக்கு யாரோடு வருவான்? இந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன். கேட்டவுடன் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. இருபது வருடமாக எங்கள் வீடுகளைக் கட்டிய மனிதன் அவன்.

“பெட்டியே வேணாம்” என்றாள் நுஸ்ரா. “படமெல்லாம் நேரா இங்க வந்து சேரும். டாடிட போனிலேயே பாக்கலாம். அங்க எல்லாம் எரிஞ்சாலும் இங்க ஈக்கும்.”

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு இரத்தம் கொதித்தது. அப்படியென்றால் அடுத்த முறை என் தங்கச்சியின் வீடு எரிவதை நான் இங்கே கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணிக் கோப்பையோடு, எரிய எரியப் பார்க்கலாம். முன்னேற்றம் என்றால் இதுதான்.

4

கடைசியாக மச்சான் முன் கேட்டுக்கு வந்து, தொலைபேசியைத் தெருப்பக்கம் திருப்பினார். எதிரே சோமபால முதலாளியின் பலசரக்குக் கடை. தகரக் கூரைக்குக் கீழே, வாசலில் இருந்த ஒரு பீப்பாவுக்கு மேலே, ஒரு கெமரா.

நுஸ்ரா திரைக்குக் கிட்டே குனிந்தாள். “மாமா, அந்தக் கெமரா உங்கட கேட்டை நேராப் பாக்குதே! அதில எல்லாம் ஈக்குமே. அவர்ட்டக் கேக்கலாமே?”

ஒரு வருடமாகக் கேட்காமல் இருக்கிறோமா, என்ன?

சோமபால முதலாளி கெட்டவர் அல்ல. சித்திரைப் புதுவருடத்துக்கு அவர் வீட்டுப் பாற்சோறு பரீதா வீட்டுக்கு வரும், பெருநாளுக்கு வட்டிலப்பம் அங்கே போகும். வீடு எரிவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால்கூட, யாருடைய லொறி எங்கள் மதிலில் மோதியது என்று அந்தக் கெமராவைப் போட்டு அவரே மச்சானுக்குக் காட்டினார். ஆனால் அந்த நாளைப் பற்றிக் கேட்டால், “அன்றைக்கு அது வேலை செய்யவில்லை நானா” என்கிறார். நானா என்றால் எங்களில் அண்ணன். கடையைப் பூட்டிவிட்டுப் பின் அறைக்குள் மனைவியோடு இருந்தாராம். எதையும் காணவில்லையாம்.

எரிந்த மூன்றாம் நாள் பரீதா வீட்டைப் பார்க்கப் போனபோது, அவருடைய மனைவி, நாங்கள் நோனா என்கிறவர், தெருவைக் கடந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுதபடியே, “ஐயோ, உன் கையால் பின்னிய உறையோடு தூக்கிக்கொண்டு போனார்களே” என்றார்.

பூட்டிய கடையின் பின் அறையில் இருந்தவருக்கு உறை எப்படித் தெரிந்தது? படத்தில் பார்த்திருக்கிறார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவனுடைய முகமும் அதே படத்தில்தான் இருக்கும். பரீதாவுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அந்த அம்மாவும் தான் சொன்னது விளங்கி வாயைப் பொத்திக்கொண்டார். அன்றிலிருந்து அவர் தெருவைக் கடந்து வருவதில்லை.

இதையெல்லாம் நுஸ்ராவுக்கு மச்சான் சொல்லி முடித்தார். அவருக்குக் கோபம் தணிந்துவிட்டது, அல்லது களைத்துவிட்டது. “பாவம், அந்த மனிசனுக்கும் பயம்தானே” என்றார்.

அப்போது பரீதா தொலைபேசியை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகம் திரையில் வந்தது.

“பயமாம்! நெருப்பு வெச்சவன் வெளியாள் நானா. அவனுக்கு எங்கட பேரும் தெரியா. இவர் எங்கட சோத்தத் திண்ட மனிசன். கண்டவன் செல்லாட்டி, அவனும் சேந்து பத்தவெச்சவன்தான். நீங்க செல்லுங்க நானா, நான் செல்றது புழையா?”

“இல்ல” என்றேன். வேறு என்ன சொல்வது? திரையைப் பார்க்க முடியாமல் எழுந்துபோய்க் கேத்தலைத் திறந்து தண்ணீர் பிடித்தேன். கேத்தல் நிரம்பி வழிந்தது. நுஸ்ரா வந்து குழாயைப் பூட்டினாள்.

5

இனி எழுதப்போவது என் தங்கச்சிக்கு அந்தச் சனிக்கிழமை வரை தெரியாதது. எண்பத்து மூன்றில் அவளுக்கு ஏழு வயது. எனக்குப் பதினேழு. மீசை வந்துவிட்டது, கடைச் சாவி என் இடுப்பில் இருந்தது. சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாத வயது.

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை இருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் செல்லையா மாஸ்டரின் தையல் கடை. அவர் கண்டியில் மஹய்யாவ என்ற இடத்துத் தமிழர். கடைக்குப் பின்னாலேயே மனைவியோடும் மகள் செல்வியோடும் இருந்தார். என் கால்சட்டையெல்லாம் அவர் தைத்ததுதான். அளவெடுக்கும்போது, “என்ன தம்பி, போன மாசம் விட்ட மடிப்பையும் முழுங்கிட்டீங்களா? இப்படியே வளந்தா ஏணி வச்சுத்தான் அளக்கணும்” என்பார். என் கூச்சத்தைப் பார்த்து, “மாப்பிள்ளை மாதிரி குனியாதீங்க, அளவு தப்பும்” என்பார்.

அவர் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தே இல்லை. இடம் ஒரு சிங்களவருடையது, பலகையும் சிங்களத்தில், பெயரும் அந்தச் சொந்தக்காரருடைய பெயர். தெரியாத ஒருவன் கடந்து போனால் அதைச் சிங்களக் கடை என்றுதான் நினைப்பான்.

அந்த ஜூலை மாதம், நாடு முழுவதும் தமிழர்களின் கடைகளைத் தேடி எரித்த நாட்களில், ஒரு பகல் லொறியில் ஆட்கள் வந்தார்கள். வெளியூர் ஆட்கள். ஒரு முகமும் எனக்குத் தெரியாது. எங்கள் கடைக்கு முன்னால் நிறுத்தி, கதவை நெம்ப இரண்டு அலவாங்கும் ஒரு கேன் மண்ணெண்ணெயும் எடுத்தார்கள். கேட்கவில்லை, எடுத்தார்கள். பிறகு ஒருவன் வாப்பாவிடம் சிங்களத்தில் கேட்டான்: “முதலாளி, இங்கே தமிழன் கடை எது?”

வாப்பா பேசவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. முகவாயை மட்டும் உயர்த்தினார். தெருவுக்கு அந்தப் பக்கம்.

அவ்வளவுதான். கண் சிமிட்டுகிற நேரம். எந்தக் கெமரா அதைப் பிடித்திருக்கும்? எத்தனை அடி உயரத்தில் வைக்க வேண்டும், எந்தக் கோணத்தில் திருப்ப வேண்டும்? நான் ஆணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், வாப்பாவுக்கு மூன்று அடி தள்ளி, ஆள் உயரத்தில் நின்றேன். முழுவதும் கண்டேன்.

செல்லையா மாஸ்டர் மனைவியையும் மகளையும் பின்பக்கத்தால் ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டார். அவரும் போயிருக்கலாம். தைக்கக் கொடுத்த மற்றவர்களுடைய துணிகள் உள்ளே இருக்கின்றன என்று எரிகிற கடைக்குள் திரும்பினார். அதில் என் கால்சட்டைத் துணியும் இருந்தது. இரண்டு கைகளும் வெந்துவிட்டன. பிறகு அவர் கத்தரிக்கோல் பிடிக்கவில்லை.

எல்லாம் முடிந்து வாப்பா கைகால் கழுவி ஒளுச் செய்து, பகல் தொழுகை லுஹர் தொழுதார். தொழுதுவிட்டு என்னைக் கூப்பிட்டார். “நீ ஒன்டும் காணல்ல. வெளங்கிச்சா? நாங்க இங்கயே ஈக்கோணும்.”

அதற்குப் பிறகு எங்கள் கடை வாசலை மூடுகிற கழற்றுப் பலகைகளில் தையல் கடையைப் பார்த்த மூன்றை வாப்பா திறக்கவேயில்லை. மரம் உப்பிவிட்டது, கழற்ற வராது என்று வருகிறவர்களுக்குச் சொன்னார். சாகும்வரை அந்த மூன்று பலகையும் மூடியே இருந்தன. ஜனாஸாவுக்குப் பெருங்கூட்டம். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல மனிதர்தான். அதுதான் என்னை வேகவைக்கிறது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

இரண்டு மாதம் கழித்துச் செல்வி கடைக்கு வந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கையில் ஒரு மஞ்சள் கடித உறை. வாப்பா இல்லாத நேரம்.

“தம்பி, பொலிஸ்ல சாட்சி கேக்குறாங்க. நீங்க இங்கதானே நின்னுக்கிட்டு இருந்தீங்க? எங்க கடைய யாரு காட்டிக் குடுத்தாங்கன்னு பாத்தீங்களா?”

“நான் காணல்ல” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மூடியிருந்த மூன்று பலகைகளைப் பார்த்தாள். “சரி தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

யுத்தம் வந்தது, நான் இங்கே வந்தேன். வந்த இடத்திலும் அதே பழக்கம்தான். ஒரு நாள் என் கண்முன் ஒரு கார் ஒரு கிழவரின் சைக்கிளில் மோதிவிட்டு ஓடியது. பொலிஸ்காரி நோட்டோடு வந்தாள். நான் எனக்கு இங்கிலீசு தெரியாது என்று கையை ஆட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அந்தக் காரின் இலக்கம் இன்னும் எனக்கு மனப்பாடம். வெளிச்சம் எரியும், உள்ளே ஒன்றும் பதியாது என்று நுஸ்ரா சொன்னாளே, நான் அதற்கு மறுபக்கம். உள்ளே எல்லாம் பதியும். யாருக்கும் போட்டுக் காட்டமாட்டேன்.

6

சனிக்கிழமை பேச்சு முடிந்தவுடன் சோமபால முதலாளியைத் தொலைபேசியில் கூப்பிட முடிவு செய்தேன். நான் கூச்சக்காரன், கோபத்தையும் எழுதி வைத்துத்தான் பேச வரும். சிங்களத்தில் ஐந்து வரி எழுதினேன். நல்ல ஏச்சு. ‘உப்பிட்ட வீட்டை’ என்று தொடங்கியது. ஞாயிறு விடிந்ததும் எடுத்தேன். நாங்கள் பேசியது சிங்களத்தில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“ஆ, லண்டன் நானாவா! எப்படி, குளிரா?” நான் இருப்பது லண்டன் அல்ல. எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நான் லண்டன் நானாதான்.

“முதலாளி, அன்றைக்கு உங்கள் கெமரா வேலை செய்தது.”

“அன்றைக்கே சொன்னேனே நானா, கரண்ட்...”

“உங்கள் நோனா உறையைக் கண்டிருக்கிறார்.”

தராசுத் தட்டில் யாரோ எதையோ போடுகிற சத்தம் கேட்டது. “போய்விட்டுப் பிறகு வா” என்று யாருக்கோ சொன்னார். கதவைச் சாத்துகிற சத்தம்.

“நானா, நீங்கள் அங்கே இருக்கிறீர்கள்” என்றார். குரல் மிகவும் இறங்கிவிட்டது. “என் பேத்தி இந்தத் தெருவால்தான் பள்ளிக்கூடம் போகிறாள். வந்தவன் எல்லாம் வெளியாள் இல்லை. பெட்டியைத் தூக்கியவன் நாளைக்கும் என்னிடம் சீனி வாங்க வருவான். நாங்கள் இங்கேயே இருக்க வேண்டும் நானா.”

ஐந்து வரியும் என் கையில் இருந்தது. ஒரு வரியும் வாசிக்க முடியவில்லை. இது அவர் பேச்சு அல்ல. வாப்பா தொழுகைப் பாயிலிருந்து எழுந்து வந்து சொன்ன பேச்சு.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டு மடங்காகியது. இவர் மேல், வாப்பா மேல், ஆணிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அந்த மீசைக்காரன் மேல்.

“படத்தை அழித்துவிட்டீர்களா?” என்று மட்டும் கேட்டேன்.

“நோனா விடவில்லை” என்றார். “அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். சாவியை என்னிடம் தருவதில்லை.”

“முதலாளி, என்னிடமும் ஒரு படம் இருக்கிறது. முப்பத்தைந்து வருடமாகப் பூட்டி வைத்திருக்கிறேன். அதை நான் முதலில் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு உங்களிடம் கேட்கிறேன். இந்த மாதம் முடிவதற்குள் கேட்பேன்.”

அவருக்கு விளங்கியதோ இல்லையோ, “சரி நானா” என்றார்.

உடனே பரீதாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வாப்பாவின் முகவாயைப் பற்றிச் சொன்னேன். செல்விக்கு நான் சொன்ன பதிலையும், இதையெல்லாம் எழுதப்போவதையும் சொன்னேன். அவள் வாப்பாவின் செல்லம், அவர் கையால் தலை சீவிப் பள்ளிக்கூடம் போனவள். குறுக்கே பேசாமல் கேட்டாள். அழவும் இல்லை.

“பேப்பர்ல போடப் போறீங்களா?”

“ஓ. மஹய்யாவில யாராவது வாசிப்பாங்க. செல்வி இல்லாட்டி அவட புள்ளைகள்ட கண்ணில படும்.”

“ஊர் என்ன செல்லும் நானா? பள்ளிவாசல்ல வாப்பாட பேர் கல்லுல ஈக்கி.”

“ஈக்கட்டும். நேத்து நீதானே சென்ன, கண்டவன் செல்லாட்டி...”

“நான் சென்னது எனக்கு நெனவீக்கி” என்று வெட்டினாள். “எழுதுங்க. சோமபால முதலாளிக்கும் ஒரு கொப்பி சிங்களத்துல எழுதி அனுப்புங்க. எனக்கு மட்டும் வாசிச்சுக் காட்ட வாணாம்.”

வைக்கப் போனவள் மறுபடி சொன்னாள்: “நானா, பெட்டிய ஒளிக்க வாணாம். இவர்ட்ட சென்னேன். முன் அறைலயே ஈக்கட்டும். நான் திரும்ப உறை பின்னுறேன்.”

7

நான் கண்டது இது.

கட்டுகஸ்தோட்டையில், எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலை மாதம், பகல் தொழுகைக்கு முன், செல்லையா மாஸ்டரின் தையல் கடையை லொறியில் வந்தவர்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் எதிரே இருந்த ஹார்ட்வெயார் கடை ஹாஜியார். முகவாயை உயர்த்திக் காட்டினார். கதவை உடைத்த இரண்டு அலவாங்கும் எரித்த மண்ணெண்ணெயும் எங்கள் கடையுடையவை. நான் அவருடைய மூத்த மகன். மூன்று அடி தள்ளி நின்றேன். செல்வி அக்கா வந்து கேட்டபோது காணவில்லை என்று பொய் சொன்னேன். எந்த இடத்தில் கூப்பிட்டுக் கேட்டாலும் வந்து இதையே சொல்வேன்.

2019 மார்ச் 13, புதன்கிழமை.